அம்பு ஒட்டாத இடம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சரக்கைச் சோதிப்பது என் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு ஷூவையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். நூல் தளர்ந்தால் ஓர் அம்பு, பசை வழிந்தால் ஓர் அம்பு. நல்ல ஷூவுக்கு எதுவும் ஒட்டுவதில்லை, அது பேசாமல் பெட்டிக்குள் போய்விடும். காலையில் மேனேஜர் கூட்டும் ரிவ்யூவிலும் இதே கதைதான்: நேற்று எத்தனை அம்பு, யார் மெஷினில்.

என் மேசைக்குப் பன்னிரண்டு வருடம் ஷூ தைத்து அனுப்பிய தோழி, வேலையை விட்டுவிட்டு வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் மெஸ் திறந்தாள். வைத்தியத்துக்கு வரும் வெளிமாநிலத்துக்காரர்கள் போனில் ரிவ்யூ பார்த்துத்தான் சாப்பிடவே கிளம்புகிறார்கள். எந்த மொழியில் எழுதினாலும் போனே மாற்றிக் கொடுத்துவிடுகிறது. “நீயும் ஒண்ணு எழுதுடி” என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாப்பிட்டு, அங்கேயே எழுதினேன்: ‘ரசத்தில் உப்பு கம்மி. மூன்றாவது மேசை ஆடுகிறது. கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை.’ ஐந்து நட்சத்திரத்தில் அம்புக்கு ஒன்றாகக் கழித்து இரண்டு கொடுத்தேன். ஒரு முழுக் கடையில் மூன்றே மூன்று குறை! என் கணக்கில் அது பெரிய பாராட்டு.

அடுத்த வாரம் அவள் போன் செய்தாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னை உறுத்தியது.

“மூணு அம்புதான் ஒட்டிகிற. எனக்குப் புரியுது. அஸ்ஸாம்காரனுக்குப் புரியுமா? நீ எழுதுனதுலருந்து மத்தியானக் கூட்டம் கம்மி. இப்படியே போனா கடைய மூடிட்டு மறுபடி மெஷின்லதான் உக்காரணும்.”

பயந்துவிட்டேன். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் படித்துப் பார்த்தேன். அவள் சொந்தக்காரர்கள் ‘சூப்பர்’, ‘செம’, ‘அருமையோ அருமை’ என்று அள்ளி விட்டிருந்தார்கள். எது சூப்பர்? ஒருவரும் சொல்லவில்லை. மதிப்புரை என்றால் மதிப்பை எடுத்துச் சொல்வதுதானே? அப்படிப் பார்த்தால் அவர்கள் எழுதியது வெறும் கைதட்டல், நான் எழுதியது புகார். பின்னே மதிப்புரையில் என்னதான் எழுதுவார்கள்? தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன், இந்தத் தடவை நல்லதைத் தேடி. சும்மா சொல்லக் கூடாது, குறை கண்டுபிடிப்பதைவிட அது கஷ்டம். பழக்க தோஷம், கண் முதலில் மேசைக் காலுக்குத்தான் போனது. சரி செய்திருந்தாள். சோப்பும் வைத்திருந்தாள்.

தூக்குப் பாத்திரத்தோடு ஒருவர் வந்தார். “உங்களுக்கா, பேஷண்டுக்கா?” என்று பாதி இந்தியில் கேட்டாள். அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று அவர் கையால் காட்டினார். உள்ளே தனியாகக் குழைய வேகவைத்திருந்த சோற்றை எடுத்து மசித்து, ரசத்தை வடிகட்டி ஊற்றிக் கொடுத்தாள். போன தடவை நான் அம்பு ஒட்டிய அதே ரசம்! நோயாளிக்காக உப்பைக் குறைத்திருக்கிறாள். மற்றவர்களுக்கு மேசை மேலேயே உப்பு இருந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். அந்தக் கழுதை சாட்சாத் நான்தான்.

பழையதை அழித்துவிட்டு எழுதினேன்: ‘ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நினைத்துச் சமைக்கும் கடை. யாருக்கு என்று கேட்டுத்தான் கொடுக்கிறார்கள். ரசத்தில் உப்பு கம்மி, அது நோயாளிகளுக்காக. மற்றவர்கள் போட்டுக்கொள்ளலாம். விழுங்க முடியாதவர்களுக்குச் சோற்றை மசித்துத் தருகிறார்கள். காரசாரமாகச் சாப்பிட நினைப்பவர்கள் வேறு கடை பார்க்கலாம்.’

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

“பன்னண்டு வருஷம் தெச்சேன். ஒரு நாளாவது நல்லா கீதுன்னு சொல்லிகிறியாடி?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அம்பு இல்லன்னா நல்லா கீதுன்னுதானே அர்த்தம்?” என்றேன்.

“தெரியும். தெரிஞ்சும் தெனம் உன் மூஞ்சியத்தான் பாத்துனு இருந்தேன்.”