தக்காளிக்காக மனு எழுதியவள்

மனுக் கொடுப்பது என்பது சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது, ரிட்டயர்மென்ட்டும் கிடையாது என்கிற ஒரு முழுநேர உத்தியோகம். தெருவிளக்குக்கோ குடிதண்ணீருக்கோ ஒரு தடவையாவது மனு எழுதி, கொடுத்த ரசீதைப் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள்.

நான் திண்டுக்கல்லில் குடும்பம் நடத்துகிறவள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கு வெளியூர் போனதும், "இனிமே நிம்மதியா சீரியல் பாரு" என்றார் வீட்டுக்காரர். பார்த்தேன். ஒரு நாள் அறை வாங்கினவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு திரும்புவதற்கு மூன்று நாள் ஆனது. இவ்வளவு மெதுவாக நகர்கிற எதையும் என்னால் பார்க்க முடியாது என்று டிவியை அணைத்துவிட்டுத்தான், அதைவிட மெதுவாக நகரும் அரசாங்க ஃபைலுக்குப் பின்னால் போனேன்.

ரோட்டோரம்

அய்யலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு இன்னும் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. ரோட்டோரத்தில் லோடு ஆட்டோவை நிறுத்தி, ஒரு பெண் கூடை கூடையாகத் தக்காளியைப் பள்ளத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நல்ல தக்காளி. நான் படித்த கான்வென்டில் தட்டில் நாலு பருக்கை மீதி வைத்தால்கூட, அதைத் தின்று முடிக்கும்வரை சிஸ்டர் பக்கத்திலேயே நிற்பார். அந்த வளர்ப்பு சும்மா விடுமா? காரை நிறுத்தச் சொல்லி, பட்டுப்புடவையோடு இறங்கி, "சாப்பாட்டுப் பொருளை இப்படிக் கொட்டலாமா?" என்று ஆரம்பித்து நாலு வார்த்தை நன்றாகவே திட்டினேன்.

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டாள். பெயர் பாண்டியம்மாள், முக்கால் ஏக்கர் சொந்த நிலம், வீட்டுக்காரர் இல்லை என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. பறித்த கூலிக்குக்கூட விலை போகவில்லையாம். "ரெண்டு நாள் வச்சிருந்து விக்கிறது!" என்றேன், பெரிய யோசனை சொல்கிற மாதிரி. அவள் என் புடவையை ஒரு தடவை பார்த்தாள், காரை ஒரு தடவை பார்த்தாள்.

"உங்க வீட்டுல ஃப்ரிட்ஜு இருக்கும் டீச்சரம்மா, நீங்க வைப்பீங்க. நான் இதை எங்கிட்டு வைக்க? இன்னும் ஒரு போகம் இப்படிப் போச்சுன்னா நானும் வேடசந்தூரு நூல் மில்லு வண்டியில ஏறிருவேன், அம்புட்டுத்தான்."

(நான் டீச்சர் இல்லை. ஆனால் இரண்டு நிமிஷம் பேசினால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.)

கையெழுத்து வேட்டை

அந்த ஊர்ச் சந்தையில் சூரிய ஒளியில் ஓடுகிற ஒரு குளிர் அறை வேண்டும், காய்கறியைப் பத்து நாள் கெடாமல் வைக்க வேண்டும் என்று மனு எழுதினேன். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனேன். ஒருவர், "இதுல போட்டா லோன் எதுவும் நம்ம தலையில விழாதே?" என்று கேட்டு, இடதுபக்கம் சாய்ந்த ஒரு பொய்க் கையெழுத்தைப் போட்டார். ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மனுவில் ஏழு இடத்தில் சிவப்பு மையால் திருத்தி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு வீட்டில் என்னை உட்காரவைத்து, முறுக்கு கொடுத்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னார்கள். மூன்று நாள் நடந்து நாற்பது கையெழுத்து.

பின் தெரு ஷமீமிடம் காலியான தாள்களைக் கொடுத்தேன். அவர்கள் குடும்பத்துக்குப் பிரியாணிக் கடை. ஞாயிற்றுக்கிழமை ஒரே மத்தியானத்தில் முந்நூற்று அறுபது கையெழுத்தோடு வந்து நின்றாள். எப்படி என்று கேட்டேன்.

"பார்சலுக்குக் காத்திருக்கவன் எதுல வேணாலும் கையெழுத்துப் போடுவான்க்கா. ஆனா பொட்டலம் கைக்குப் போறதுக்கு முந்தி வாங்கிரணும். போயிருச்சுன்னா அப்புறம் அவனுக்கு நாடாவது நகரமாவது!"

எந்தத் துறை?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். வாசலில் பெண் போலீஸ் பையைத் திறந்தார். யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிடக் கூடாதே என்று எல்லாப் பையையும் பார்ப்பார்கள். என் பையில் இரண்டு கிலோ தக்காளி. "யார் மேலம்மா எறியப் போறீங்க?" என்றார். சாட்சிக்குக் கொண்டுவந்தேன் என்று எவ்வளவு சொல்லியும் சாட்சி வாசலிலேயே நின்றது. மனு மட்டும் உள்ளே போனது.

பதிவு செய்கிற பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும், நல்ல மரியாதை. "என்ன துறை மேடம்?" என்றாள். காய்கறி என்றேன், அது ஒரு துறை. சந்தை என்றேன், அது வேறு. சோலார் என்றேன், அது இன்னொன்று. இடம் ஊராட்சியுடையது என்றதும் அவளே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது.

"மேடம், நீங்க கேக்கறது ஒரே ரூம்தான், ஆனா நாலு துறை வருது. கம்ப்யூட்டர்ல ஒண்ணுதான் விழும். நாலுல உங்களுக்குப் பிடிச்சது எதுன்னு சொல்லுங்க."

முடித்து வைக்கப்பட்டது

இரண்டு மாதம் கழித்துத் தபால் வந்தது. "தாங்கள் கோரியுள்ள குளிர்பதன அறை மேற்படி ஊரில் ஏற்கனவே கட்டப்பட்டுள்ளதால் தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது." மூன்று தடவை படித்தேன். ஷமீம் படித்துவிட்டு, "யா அல்லா, நானூறு பேருக்கும் சேத்து ஒரே வரியில பதில் போட்டுட்டாங்களேக்கா" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

பாண்டியம்மாளுக்குப் போன் போட்டேன். சந்தைக்குப் பின்னால் ஏதாவது கட்டிடம் இருக்கிறதா என்று கேட்டேன். திண்டுக்கல்லில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மனு எழுதினேனே ஒழிய, அந்தச் சந்தைக்குப் பின்னால் ஒரு எட்டுப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஜாதி மனுக்காரர்கள் செய்கிற தப்பு இது. நீங்களும் செய்திருப்பீர்கள்.

"அதுவா? ஆட்டுக் கட்டடம்மா அது! சந்தையன்னைக்கு ஆடு கட்டுவாங்க. தக்காளிக்குன்னு எங்ககிட்ட யாரு சொன்னா? நீங்களும் என்னைய ஒரு வார்த்தை கேக்காமத்தானே எழுதுனீங்க?"

நிழல்

அடுத்த சந்தையன்று ஷமீமும் நானும் கடை வேனில் போனோம். கட்டிடம் இருந்தது. கதவு இருந்தது. கதவில் பூட்டு இருந்தது, நம்ம திண்டுக்கல் பூட்டுதான், அசையவில்லை. சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போனபோது சாவியும் கூடவே மாற்றலாகிவிட்டது. உள்ளே மெஷின் இருக்கிறதாம். கரன்ட் மட்டும் இல்லை, ஒரு நாள்கூட இருந்ததில்லை. கட்டிடம் ஒரு துறையுடையது, நிலம் ஊராட்சியுடையது, இணைப்புக்கு யார் பெயரில் எழுதிக் கொடுப்பது என்று இரண்டு பக்கமும் கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஆனால் சுவரோரம் நீளமாக விழுந்த நிழலில் நாற்பது ஆடு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. சந்தை மைதானத்தில் வேறு நிழலே கிடையாது. குளிர் அறையை ஓட வைக்கப் போகிறோம், வாசலில் தக்காளி வண்டி வந்து நிற்கும் என்று நான் ஒரு ஆட்டு வியாபாரியிடம் விளக்கினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உள்ளுக்க தக்காளியை வைங்க, தங்கத்தை வைங்க, நான் எதுக்குக் கேக்குறேன்? நிழலு மேல மட்டும் கை வச்சீங்க, அப்புறம் டீச்சரம்மான்னு பாக்க மாட்டேன்."

மில் வண்டி

அடுத்த போகமும் விலை விழுந்தது. ஒரு நாள் காலையில் அந்த ஊருக்குப் போனபோது, பாண்டியம்மாள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் தூக்குவாளியுமாக மில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். நிலத்தைத் தரிசாகப் போட்டாயிற்று, ப்ளாட்டுக்காரன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டான், தை வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் விற்றுவிடுவேன் என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மில் எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தேன்.

"நூலு அந்துறக் கூடாதுன்னு ரூமு பூராம் ஈரக்காத்து அடிக்கிறாங்கம்மா, வேளை தவறாம வந்து மீட்டரைப் பாக்குறாங்க. நூலுக்கு இம்புட்டுப் பாக்குறாங்க. காய்க்குப் பாக்க ஒரு நாதி இல்ல."

வாயை மூடிக்கொண்டிருந்த நாள்

ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபை. நான் மூன்று பக்கப் பேச்சுத் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கலாம், பேசக்கூடாது என்று தலைவர் கும்பிட்டுச் சொல்லிவிட்டார். சட்டப்படி அது சரி. என் வாழ்க்கையில் ஒன்றரை மணி நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். ஷமீம் அதைச் செல்போனில் படம் எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பினாள்.

மில்லில் லீவு போட்டு வந்திருந்த பாண்டியம்மாள் எழுந்தாள். "சோலார் தகடைக் கூரையில போட வேணாங்க. கட்டடத்துக்கு முன்னாடி ஊராட்சி இடத்துல உசரமாக் கம்பம் நட்டு, அதுமேல போடுங்க. அடியில ஆடு நிக்கட்டும். இணைப்பு யாரு பேருலன்னு சண்டையும் வேணாம், வெயிலு யாரு பேருலயும் இல்லைல்ல?" என்றாள். என் மூன்று பக்கத்தில் இது எங்கேயும் இல்லை. முதலில் கை தூக்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? துண்டை உதறிய அதே ஆட்டு வியாபாரிதான்.

"தீர்மானத்துல நெழலுன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதுங்க தலைவரே. கரண்டு வருதோ இல்லையோ, நெழலு நிச்சயமா வரும்ல?"

பழுத்த வாரம்

அதற்குப் பிறகு எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு ஃபைல் போனது என்று எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நான் தூங்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போடுகிற அளவுக்கு ஆகிவிட்டது. தை மாதம் கம்பம் மட்டும் நட்டார்கள். வெறும் கம்பத்தைப் பார்த்த மறுநாளே பாண்டியம்மாள் மில்லுக்கு முழுக்குப் போட்டுவிட்டு நாற்று நட்டுவிட்டாள். கம்பத்தோடு நின்றுபோன எத்தனை திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்! அவளுடைய செடி வளர வளர, இங்கே எனக்குப் பிரஷர் மாத்திரையின் அளவும் வளர்ந்தது. காய் சிவக்கிற நேரம்தான் தகடு வந்தது. பூட்டை அறுத்தார்கள். மெஷின் ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

திறப்பு விழாவில் ஐந்து பேர் பேசினார்கள். எல்லோரும் போய் நாற்காலி காலியானதும் நாங்கள் மூன்று பேரும் வேனில் இருந்த பதினெட்டுக் கூடையை உள்ளே அடுக்கினோம். அந்த வாரமும் விலை கீழேதான் கிடந்தது. பறித்த அன்றே தள்ளிவிட வேண்டும் என்பதால், இத்தனை வருஷமும் தரகர் சொன்னதுதான் விலை, அவர் சொன்ன நேரம்தான் நேரம். அவரே அப்போது போன் போட்டார். குரல் எங்களுக்கே கேட்டது. இன்றைக்கே, இந்த விலைக்கு, இல்லாவிட்டால் கிடையாது என்றார். பாண்டியம்மாள் குளிர் அறைக் கதவைச் சாத்தினாள். நெற்றியை முந்தானையால் துடைத்தாள். ஷமீம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப வேணாம்ணே. வியாழக்கிழமை பேசுவோம். நான் செத்த நேரம் தூங்கப் போறேன்."

ஊரெல்லாம் "சரி" என்று சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷம் செருப்புத் தேய அலைந்தவள், கடைசியில் ஒருத்தி "வேணாம்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, அன்றைக்கு ரசத்துக்குத் தக்காளி வாங்க மறந்துவிட்டேன்.