முப்பத்தெட்டு விநாடியில் அக்கா

“கோப்பு எண் 14. அக்கா பேசுகிறார். திராட்சைத் தோட்டம், சுருளிப்பட்டி. முப்பத்தெட்டு விநாடி. ஒலி சுமார். சுருக்கி ஏற்றியாயிற்று, மூலம் அழிக்கப்பட்டது.”

என் குறிப்பேட்டில், என் கையெழுத்தில் உள்ள வரிகள் இவை. கடைசி இரண்டு சொற்களை இந்த ஓராண்டில் எத்தனை முறை படித்தேன் என்பதை மட்டும் நான் குறித்து வைக்கவில்லை.

அக்கா தேவதானப்பட்டியில் பிறந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பிறந்த நாளும் பள்ளிச் சான்றிதழில் உள்ளதும் ஒன்றல்ல. எது சரி என்று நான் நச்சரித்தபோது, “ரெண்டு நாளும் கறி எடு, ரெண்டு நாளும் திங்கிறேன்” என்றார். சுருளிப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஆறாம் ஆண்டில் அத்தான் இறந்தார். கைக்குழந்தையான மகளை வைத்துக்கொண்டு திராட்சைப் பந்தலை அக்காவே ஏற்று நடத்தினார். கவாத்து வெட்டுவது, கொடி கட்டுவது, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மருந்து அடிப்பது எல்லாம் அவர்தான். வியாபாரி குலையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால், “வச்சிட்டுப் போங்க. காக்காய்க்குப் போட்டா கரைஞ்சுட்டாவது போகும்” என்பார். கோபம் அதிகம்; ஒரு காப்பி ஆறும் நேரத்துக்கு மேல் நிற்காது. கடைசி ஆண்டுகளில் மூச்சு வாங்கியது. நுரையீரல் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. தேனி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

முதலாண்டு நினைவு நாளில் திருப்பலி முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன், அம்மாவின் குரலை உறவினர் எல்லாரும் கேட்க வேண்டும் என்றாள் அவர் மகள். குரல் இருப்பது அந்த ஒரே பதிவில்தான். பட்டன் போனில் எடுத்தது. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆசையில் கண்டதையெல்லாம் பதிந்து, மெமரி கார்டில் எல்லாம் அடங்கட்டும் என்று ஒவ்வொரு பதிவையும் நானே சுருக்கினேன்.

பழனிசெட்டிபட்டியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் தெரிந்த தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். இரைச்சலைக் குறைத்துக் காட்டினார். இரைச்சல் குறைந்தது, அக்காவும் குறைந்தார்.

“அண்ணே, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. போன் அன்னைக்கே பாதியப் பதியாம விட்டிருச்சு. நீங்க சுருக்குனதுல மிச்சத்துலயும் பாதி போச்சு. காஞ்ச திராட்சையத் தண்ணில போட்டா ஊதத்தேன் செய்யும், மறுபடி கொலையில தொங்குமா?”

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பத்தில் ஒருவரைப் பார்த்தேன். போடியில் இன்னொருவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பளிச்சென்று ஆக்கிக் கொடுத்தார். அக்கா மகளிடம் போட்டுக் காட்டினேன்.

“யாரு மாமா இது? டிவியில செய்தி வாசிக்கிறவுக மாதிரில்ல இருக்கு! அம்மா இம்புட்டு மெதுவா என்னைக்குப் பேசுனாக?”

மறுநாளே பழனிசெட்டிபட்டிக்குப் போய் அதையும் காட்டினேன். “இல்லாத எடத்தையெல்லாம் கம்ப்யூட்டரு ஊகிச்சு நெரப்பிருக்கு. நல்லாத்தேன் இருக்கு. ஒங்கக்காவத்தேன் காணோம்” என்றார் அந்தத் தம்பி.

ஆகவே பழைய பதிவையே கேட்கப்போகிறீர்கள். புரியாதவர்களுக்காக, உடன் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அக்கா சொல்வது: “ஏலே தம்பி, கொடியப் புடிக்கச் சொன்னா செல்லப் புடிச்சுக்கிட்டு நிக்கிற!” அதன்மேல் இன்னொரு குரல் ஏறி, நாள், கிழமை, இடம் என்று அறிவிக்கிறது. அது நான். பதிவில் தெளிவாகக் கேட்பது அது ஒன்றுதான். பிறகு இரண்டு விநாடிக்கு அக்காவிடமிருந்து ஓர் ஓசை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்கிறாள் மகள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இப்போது சில நாள் அது இருமலாகக் கேட்கிறது. இருமல் என்றால், நோய் அன்றே வந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று தேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்காவைக் காரில் தேனிக்குக் கொண்டுசென்றவர்களுக்கும், ஓராண்டாகப் பந்தலைக் காய விடாத பக்கத்துத் தோட்டத்தாருக்கும், இல்லாததை இருக்கிறது என்று சொல்லாத பழனிசெட்டிபட்டித் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. சுருக்குவதற்கு முன் அந்தப் பதிவை உங்களில் சிலருக்கு புளூடூத்தில் அனுப்பியதாக நினைவு. யார் யாருக்கு என்று குறிக்கவில்லை. வீட்டில் பழைய போன் கிடந்தால், எதையும் அழிக்காமல் எடுத்து வாருங்கள்.

பதினான்காம் பதிவின் முடிவில் கேட்பது சிரிப்பா, இருமலா என்பது இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.