பதினேழாம் எண் கல்லும் ஒரு டீ டம்ளரும்

கல் தேய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டால், ஆமாம், அதற்கு வருகைப் பதிவேடு, சீருடை, வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு எல்லாம் உண்டு. தராசு அந்த வேலையைத்தான் ஒன்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பாறை ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் எடை பார்க்கும் உதவியாளர். மில்லிகிராம் வரைக்கும் காட்டுகிற கருவி ஒன்று அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது. யாராவது அதன் பக்கத்தில் தும்மிவிட்டால், தன் பிள்ளையை எவனோ கிள்ளிவிட்ட மாதிரி அவர் முகம் ஆகிவிடும். பெயர் ஒட்டிக்கொண்டது. தராசு என்ற பெயர் மனிதருக்குப் போய்விட்டதால், நிஜத் தராசை எல்லோரும் 'பெட்டி' என்றார்கள். பெட்டி கோபித்துக்கொள்ளவில்லை.

அவருடைய ராஜ்யம் மொட்டைமாடி. அங்கே இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் உள்ளங்கை அளவில் அறுத்து வைத்த இருபத்துநான்கு கல் வில்லைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வெயிலில் காய்வதும் மழையில் நனைவதும்தான் அந்தக் கற்களின் உத்தியோகம். அவற்றைத் தொடாமல் இருப்பது தராசின் உத்தியோகம். வருடத்தில் ஒரே ஒரு நாள் கையுறை மாட்டிக் கீழே கொண்டுவந்து, அடுப்பில் உலர்த்தி, ஆறவைத்து, பெட்டியில் எடை பார்த்துக் குறித்துவிட்டுத் திரும்பவும் மேலே வைத்துவிடுவார். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் கல் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வார். ஒன்றும் ஓடவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் தலைவி பேராசிரியர் மேடம். பூமிக்கு அடியில் பாறை உருகிக் குழம்பாகக் கிடக்கிறது, அதற்கு மாக்மா என்று பெயர். அது அவசரப்பட்டு ஆறினால் உள்ளே படிகங்கள் பொடிப்பொடியாக நின்றுவிடும். நிதானமாக ஆறினால் ஒவ்வொரு படிகமும் சாவகாசமாக வளர்ந்து கொழுகொழுவென்று ஆகும். கொழுத்த படிகக் கல் வெயில் மழையில் சீக்கிரம் உதிருமா, பொடிப் படிகக் கல் உதிருமா? இதுதான் மேடத்தின் கேள்வி. இதைச் சொல்ல நமக்கு நாலு வரி போதும். மேடத்துக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும், நடுவில் தண்ணீர் குடிக்காமல்.

இருபத்துமூன்று கற்கள் ஒழுங்குப் பிள்ளைகள். வருடத்துக்கு ஏதோ தூசி அளவு குறையும். பதினேழாம் எண் மட்டும் தனி ரகம். அதே பாறையில் வெட்டிய மற்ற ஐந்தைவிடப் பத்து மடங்கு இளைத்துக்கொண்டே போனது. வேறு யாராக இருந்தாலும் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். மேடத்துக்கோ அதன்மேல் காதலே வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே படிகங்கள் பக்கத்துக் கல்லில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தன. போதாதா? "எல்லாம் மாக்மாலயே எழுதி வெச்சிருக்கு தராசு! நாமதான் படிக்கல!" என்று துள்ளினார். தராசும் தலையாட்டினார். மேடம் எது சொன்னாலும் தலையாட்டுவது அவருக்கு இட்ட பணி அல்ல, சொந்த விருப்பம்.

ஒரு திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். வெளியூரில் பெரிய ஆராய்ச்சியாளர்கள் கூடும் கூட்டத்தில் வியாழக்கிழமை அவர் வாசிக்கப்போகும் கட்டுரையின் சுருக்கம் அது.

"கடைசி வரியப் படிங்க."

தராசு படித்தார். 'இக்கற்களை ஒன்பது ஆண்டுகள் கை படாமல் காத்த உதவியாளருக்கு நன்றி' என்று போட்டு, அடுத்து அவருடைய சொந்தப் பெயர், முழுசாக, முதலெழுத்தோடு. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவர் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. கல்யாணப் பத்திரிகையிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

"என்ன தராசு, பேச்சே காணோம்?"

"தூசி மேடம். கண்ல."

சாயங்காலம் அந்தத் தாள் வீட்டு மேஜைக்கு வந்தது. மனைவி கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள். அவள் துணி தைப்பவள். எந்தத் தாளைப் பார்த்தாலும் இரண்டாக மடித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு, இதை மடிக்கவில்லை.

"நெஜமாவே உங்க பேரா? வேற யாராவது இதே பேர்ல இருக்காங்களா அங்க?"

"ஏன், எனக்கெல்லாம் வரக்கூடாதா?"

"கை படாமன்னு போட்டிருக்கே, அதான் சந்தேகமா இருக்கு. வீட்ல நீங்க தொட்டு ஒடையாத சாமான் எது, சொல்லுங்க."

டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் தாளைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். 'பதினேழாம் எண் கல்லின் விந்தையான தேய்மானம்' என்ற இடத்தில் தராசு டம்ளரைத் தூக்கினார். மேஜையில் வட்டமாகக் கறை. மனைவி வாசிப்பை நிறுத்தாமலே ஒரு துணியால் அந்த வட்டத்தைப் பரபரவென்று தேய்த்தாள்.

"பாருங்க, தெனம் தேச்சுத் தேச்சு உங்க பக்கம் மட்டும் பாலிஷே போச்சு. மேஜை முழுக்கப் புதுசு மாதிரி இருக்கு, நீங்க டம்ளர் வெக்கிற எடம் மட்டும் பள்ளம்."

தராசு மேஜையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குள் எதுவோ நிதானமாக ஆறி, பெரிய படிகமாக வளர்ந்தது.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற மூலையில்தான் பதினேழாம் எண் இருந்தது. பதினோரு மணிக்கும் மூன்றரைக்கும் அவர் அங்கே நின்றுதான் டீ குடிப்பார். நிழல், காற்று, இடுப்பு உயரத்தில் வாகாக ஒரு கல். டம்ளரை வேறு எங்கே வைப்பது, வானத்திலா? கையால் தொடக்கூடாது என்றுதான் உத்தரவு. டம்ளரைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் வட்டக் கறை விழும். மேடம் பார்த்தால் வருத்தப்படுவாரே என்று, பொறுப்புள்ள மனிதர், வெள்ளிக்கிழமைதோறும் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் சோப்புத்தூளும் போட்டு அந்தக் கல்லைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி வைத்தார். நாரைப் பிடித்திருந்ததால் அதுவும் கை பட்ட கணக்கில் வராது என்பது அவர் தீர்ப்பு.

ஒன்பது வருடம். வாராவாரம்.

"அது மாக்மா இல்லடி," என்றார் தராசு. "நான்."

விஷயத்தைக் கேட்டு மனைவி முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பேசாம இருந்துட்டா? கல்லு போய் உங்களக் காட்டிக் குடுக்குமா என்ன?"

"குடுக்காது."

"சொன்னா வேலை போயிடுமா?"

"போனாலும் போகும். பேரும் போயிடும்."

"சொல்லலன்னா?"

"மேடம் அத்தன பெரிய ஆளுங்க முன்னாடி நின்னு, என் டீ டம்ளரப் பத்தி ஒன்றர மணி நேரம் பேசுவாங்க."

மனைவி தாளை மேஜையில் வைத்தாள், கறை படாத பக்கமாக. "சரி, சட்டையக் கழட்டுங்க. அயர்ன் பண்ணித் தரேன். திட்டு வாங்கப் போறதுன்னாலும் கசங்காமப் போங்க."

மறுநாள் காலை தேய்த்த சட்டையோடு மேடத்தின் அறையில் நின்று, தராசு தொடக்கத்திலிருந்து சொன்னார். இடையில் எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரியும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"சூடாவா வெப்பீங்க?"

"ஆமா மேடம்."

"சர்க்கரை?"

"ரெண்டு ஸ்பூன்."

"கம்பி நாரு புதுசா, பழசா?"

"வீட்ல தேஞ்சதும் எடுத்துட்டு வருவேன் மேடம். புதுசுன்னா கீறல் விழும்ல." சொன்ன பிறகுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது.

தராசு கையோடு கொண்டுவந்திருந்த தாளை மேஜையில் வைத்தார். மேடம் அதை எடுத்து, கடைசி வரியைப் பேனாவால் அடித்தார். பிறகு மேலே போய் மூன்று பத்திகளை அடித்தார். கடைசியில் முழுத்தாளையும் குறுக்காக ஒரு கோடு. "நீங்க போகலாம்," என்றார்.

அந்த வாரம் முழுவதும் தராசு டீயே குடிக்கவில்லை. தலைவலி மண்டையைப் பிளந்தது. மேடம் கூட்டத்துக்குப் போய்விட்டார். தன் மேஜை டிராயரைத் தராசு ஒழித்துவைத்தார். அதில் ஒரு சீப்பும் பாதி சோப்புத்தூள் பாக்கெட்டும் மட்டும் இருந்தன. சீப்பைப் பையில் போட்டுக்கொண்டார். சோப்புத்தூளைத் தொடவே பயமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மேடம் வந்ததும் வராததுமாக மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். தராசு பையையும் எடுத்துக்கொண்டே ஏறினார்.

பதினேழாம் எண்ணின் பக்கத்தில் ஒரு சின்ன மர ஸ்டூல் நின்றது.

"இது டம்ளருக்கா மேடம்?"

"இல்ல, நீங்க உக்கார. டம்ளர் எப்பவும் வெக்கிற எடத்துலயே வெக்கணும். அதே நேரம், அதே சூடு, வெள்ளிக்கிழம அதே நாரு. சூடும் சோப்பும் கல்ல என்ன பண்ணும்னு ஒம்போது வருஷம் யாரும் பாத்ததில்ல. அங்க நடந்தத அப்படியே சொன்னேன். அத்தன பேரும் என் பேச்ச விட்டுட்டு இதத்தான் கேட்டாங்க. சிரிச்சாங்க, ஆனா கேட்டாங்க." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு அழுகதான் வந்துச்சு," என்றார். "மத்த கல்லுமேல எதையாவது வெச்சீங்க..."

"சத்தியமா மாட்டேன் மேடம்."

அவர் கொடுத்த புதுத் தாளில் கடைசி வரி மாறியிருந்தது. 'பதினேழாம் எண் கல் தேய்ந்த காரணத்தைக் கண்டறிந்தவர்' என்று போட்டு, பக்கத்தில் அதே பெயர், முதலெழுத்தோடு. தராசுக்கு மறுபடி கண்ணில் தூசி விழுந்தது. மாடியில் தூசிக்கா பஞ்சம்?

ஆனால் டீதான் கெட்டுப்போனது. டம்ளர் வைத்த நேரம், எடுத்த நேரம், டீயின் சூடு என்று கட்டம் போட்ட நோட்டு வந்துவிட்டது. அவசரமாக ஒரு மடக்கு குடிக்கக்கூட வழியில்லை. முதல் நாளே குறிப்புப் பகுதியில் 'இன்று சர்க்கரை கம்மி' என்று எழுதினார். மேடம் அதற்குக் கீழே சிவப்பு மையில், 'எத்தனை மில்லிகிராம்?' என்று கேட்டிருந்தார்.

தராசு பெருமூச்சு விட்டுவிட்டு, சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு பெட்டியைப் பார்க்கக் கீழே இறங்கினார்.