உரம் போட்ட கை

அந்தப் பக்கத்து விவசாயிகள் அவளுக்கு வைத்த பெயர் மூட்டையக்கா. யாரைப் பார்த்தாலும் "எத்தனை மூட்டை யூரியா போட்டீங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். வேளாண்மை அலுவலகத்தில் கணக்கெடுக்கும் வேலை அவளுக்கு. நிலத்தில் போடுகிற உரமெல்லாம் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பங்கு வாயுவாக மாறிக் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது. அது எவ்வளவு என்று கணிக்க, வயல்வாரியாக உர விவரம் வேண்டும். அதற்காகத்தான் ஸ்கூட்டரில் அலைந்தாள்.

"ஊர்ல எல்லார் உரக்கணக்கும் உனக்கு மனப்பாடம். நம்ம வீட்டு சிலிண்டர் தீர்ந்தது மட்டும் தெரியாது" என்பான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவன்.

"அதை நீங்க கணக்கெடுங்க. எனக்கு ஆள் பத்தல."

அந்த வருஷம் மக்காச்சோளக் கணக்கு மளமளவென்று முடிந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. மேட்டு நிலக்காரரும் பள்ளத்து நிலக்காரரும் சொல்லி வைத்தாற்போல் ஏக்கருக்கு இரண்டு மூட்டை என்றார்கள்.

கடைசியாகப் போன வீட்டில் மீசைக்காரர் ஒருவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ரெண்டு மூட்டை. எழுதிக்கங்க" என்றார். பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அக்கா அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"இவர் வாங்கறது ரெண்டு மூட்டைக்கா. போடறது நான்ல? பயிர் கருகருன்னு இருக்கற இடத்துல எதுக்கு வீணா கொட்டணும்? மீந்ததைக் கத்தரிப் பாத்திக்குப் போட்டுடுவேன்."

மீசைக்காரர் இப்போது நிமிர்ந்தார். "அதான் கத்தரிக்கா அந்தக் காய் காய்ச்சுதா? நான் மண்ணு நல்ல மண்ணுன்னுல்ல பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்."

மூவரும் சிரித்தார்கள். ஆனால் திரும்பும் வழியில் அவள் ஸ்கூட்டரை ஓரம் கட்டிக் கணக்கு நோட்டைப் புரட்டினாள். இத்தனை வீட்டிலும் உரம் வாங்கியவரைத்தான் கேட்டிருக்கிறாள். போட்டவரைக் கேட்கவே இல்லை.

மறுநாள் அதிகாரி முன்னால் நின்றாள். "சார், இந்தக் கணக்கை அனுப்பாதீங்க. என் தப்பு. மறுபடி போய் எடுத்துட்டு வரேன்."

"எல்லாம் அழகா ஒத்துப்போகுதேம்மா."

"அதான் சார் சந்தேகம்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கூட ஆள் தர முடியாது. பெட்ரோலுக்கு வேணா எழுதித் தரேன்."

இந்த முறை அவள் வாசலில் நிற்கவில்லை, வயலில் இறங்கினாள். உரம் வீசும் பெண்களையும் கூலியாட்களையும் தேடிப்பிடித்து, "ஒரு கை அள்ளிக் காட்டுங்க" என்று வாங்கித் தராசில் நிறுத்து, வயலுக்கு எத்தனை கை வீசினார்கள் என்றும் கேட்டு எழுதினாள். சீக்கிரம் வீடு போய்ச் சேர ஒரே மூலையில் கொட்டியவர் இருந்தார். மழையில் கரைந்து போனதென்று இரண்டாம் முறை போட்டவளும் இருந்தாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு இடத்தில் சேறு ஸ்கூட்டரை விழுங்கப் பார்த்தது. கணவன் லீவு போட்டு வந்து தள்ளினான். "இதுக்குச் சிலிண்டர் தூக்கறதே தேவலை" என்றான். ஆனால் சாயங்காலம் வரை கூடவே இருந்து தராசைப் பிடித்தான்.

புதிய கணக்கில் ஒரு வயல் போல் இன்னொரு வயல் இல்லை. அதிகாரி வெகுநேரம் அதைப் புரட்டிப் பார்த்தார். "இப்பதாம்மா நம்பத் தோணுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த பருவத்திலிருந்து எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் முதலில் கேட்க வேண்டியது, உரம் போட்டது யார் என்று ஆயிற்று. கேட்டதும் வாசலில் நிற்கும் ஆண்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிடுகிறார்கள்.