பன்னிரண்டாவது துணி

என் கருவிப் பெட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துண்டு கிடக்கிறது. மூன்று ஓரங்களில் வெள்ளை நூல் தையல், நாலாவதில் கறுப்பு நூல். எத்தனையோ ஸ்பானர்களைத் தொலைத்திருக்கிறேன். இது மட்டும் தொலையவில்லை. தொலைந்தால் நிம்மதி என்று நினைத்த நாட்களும் உண்டு.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கார் ஷெட்டில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அதற்கு முன் ஒரு வருஷம் வேலையில்லாமல் மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றவன். அங்கே மேஸ்திரியை எல்லோரும் பாய் என்போம். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அதிர்ந்து பேசமாட்டார். வேலையில் மட்டும் ஒரு கிறுக்கு உண்டு. கடற்காற்று எந்நேரமும் மணலை வாரிக்கொண்டு வரும் இடம் அது. எஞ்சினைப் பிரித்தால் ஒவ்வொரு ஓட்டையையும் துணியால் அடைக்க வேண்டும். மற்றவர்கள் கையில் கிடைத்த கந்தலை அடைப்பார்கள். பாய் தன் பழைய லுங்கிகளைச் சதுரமாக வெட்டி, அவர் சம்சாரம் நாலு ஓரமும் மடித்துத் தைத்துக் கொடுத்த துணிகளைத்தான் தொடுவார். நூல் உதிர்ந்து எஞ்சினுக்குள் போகக் கூடாதாம். ஓர் எஞ்சினுக்குப் பன்னிரண்டு துணி. மூடிய பிறகு பன்னிரண்டும் மட்கார்டு மேல் அடுக்காக வந்தாக வேண்டும். சீர்வரிசையை எண்ணி வாங்கும் சம்பந்தி மாதிரி எண்ணுகிறாரே என்று கேலி செய்வோம். அவரும் சிரிப்பார், ஆனால் எண்ணாமல் விடமாட்டார்.

முழு எஞ்சின் வேலை என்றால் முதலாளி மவுண்ட் ரோட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். எண்ணூர் உப்பளக்காரர் ஒருவரின் கார் வந்தபோது பாய் கெஞ்சி அந்த எஞ்சின் வேலையை வாங்கிக்கொண்டார். "இது நின்னுச்சுன்னா இனிமே நீ சக்கரம் கழட்டுற வேலையோட சரி," என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். பாய் தலையாட்டினார். மூன்று வாரம் அதே நினைப்பாக இருந்தார்.

முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. முதல் ஓட்டமே திருவொற்றியூர் கோயிலுக்கு என்று உப்பளக்காரர் குடும்பத்தோடு வந்து நின்றார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. துணிகளைச் சேர்த்து அடுக்குவது என் பொறுப்பு. பதினொன்றுதான் இருந்தது. முந்தின நாள் எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியை மூடியவன் நான். உள்ளே ஒன்றை விட்டுவிட்டேனா? காற்றில் பறந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். முதலாளி என்னை அன்றைக்கே துரத்திவிடுவார். ஷெட்டுக்குப் பின்னால் போய் ஒரு துணியைப் பிளேடால் இரண்டாக வெட்டி, வெட்டிய ஓரங்கள் தெரியாமல் மடித்து அடுக்கில் செருகினேன்.

"இன்னா மாமு, அல்லாம் வந்துச்சா?" என்றார் பாய்.

"வந்துச்சு பாய்."

விரலால் தட்டி எண்ணினார். பன்னிரண்டு. பிஸ்மில்லா சொல்லிவிட்டு முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றினார். புதிதாகப் பூட்டிய எஞ்சின் இறுக்கமாக இருந்தது. நாலு சுற்றுக்கு ஒரு இருமல், எட்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஆயில் அழுத்தம் காட்டும் முள் ஏறி நிலையாக நின்றது. பாய் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கொயந்த தூங்குற மாரி கீது பாரு," என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கண்டதில்லை. முள் ஏறிவிட்டதால் துணி காற்றில்தான் போயிருக்கிறது என்று நானும் சிரித்தேன்.

கார் தண்டையார்பேட்டையைத் தாண்டவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பாய்தான் படுத்து அடித்தொட்டியைக் கழற்றினார். வண்டி ஓட ஓட இழுபட்டு வந்து, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயில் ஏறாமல் பேரிங்குகள் உருகிப்போயிருந்தன. அவர் எழுந்து வந்து, அடுக்கில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டு அரைத் துண்டுகள் வந்தன. என்னைப் பார்த்தார். அப்போது நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"யாருய்யா எண்ணுனது?" என்று முதலாளி கத்தினார்.

"நான்தான் எண்ணுனேன்," என்றார் பாய், துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டபடி.

நான் நின்றுகொண்டே இருந்தேன். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம் என்று பிற்பாடு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

முதலாளி சொன்னபடியே அவரைச் சக்கரம் கழற்ற வைத்தார். ஒரு மாதம் பொறுத்துவிட்டு, பாய் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு நெல் மில்லுக்குப் போய்விட்டார். போகிற அன்று இந்தத் துண்டை என் கையில் வைத்தார். நான் வெட்டிய ஓரம் மடித்துக் கறுப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது.

"நூலு உதிரும்ல. வூட்ல குட்த்து அடிச்சாந்தேன். வச்சிக்க."

மன்னிப்புக் கேட்காமல் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அவர் இடத்தில் பிறகு நான் மேஸ்திரி ஆனேன். இப்போது சாவியைத் திருகினால் போதும், வண்டி கிளம்பிவிடும். பழுது பார்த்த எஞ்சின் முதல் தடவை பிடித்துக்கொண்டதும் பையன்கள் கைதட்டுவார்கள். நான் கைதட்டுவதில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து அந்தக் கறுப்புத் தையலைத் தடவிப் பார்ப்பேன். நெருக்கமான தையல். இத்தனை வருஷத்தில் ஒரு நூல்கூட உதிரவில்லை.