பெயர் வைக்காத பிள்ளை

கொசு மருந்து அடிக்கும் வேலையாக எழுபதுகளில் ஜவ்வாது மலைக்குப் போனபோது, அங்கே ஓர் ஊரின் கடைசி வீட்டில் ஒருவரைப் பார்த்தேன். புளியமரம் ஏறி ஏறிக் காய்த்துப்போன கால்கள். மடியில் கைக்குழந்தை. சாமைச் சோற்றைச் சின்ன உருண்டையாக உருட்டி, ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தார். சோறு எப்போதோ ஆறியிருந்தது. ஆனாலும் ஊதினார்.

“கொழந்தைக்கு இன்னா பேரு?” என்று கேட்டேன்.

“இன்னும் வைக்கலீங்க சார். மின்ன ரெண்டுக்கு வச்சோம், ரெண்டும் காய்ச்சல்ல பூடுச்சி. பேரு வச்சிட்டா வாய்க்குப் பழகிடுதுங்க. புள்ள போனப்பறமும் வாய் கூப்புட்டுக்கினே இருக்குது. இது தானா சோத்த அள்ளித் துன்னட்டும், அப்பறம் வைக்கலாம்னு வூட்ல சொல்லிச்சு.”

அடுத்த மழைக்காலம் கழிந்து மறுபடி மருந்தடிக்கப் போனேன். சோற்றுத் தட்டின் முன் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மடி காலியாக இருந்தது. உள்ளே அவர் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது விசாரிக்க வேண்டும் என்று வாயெடுத்தேன். எந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பது?

அவர் ஆறிய சோற்றைச் சின்னதாக உருட்டினார். ஊதினார். பிறகு அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கைக்கும் பழகிடும்னு தெரியலீங்க சார்” என்றார்.