துணிச்சல் சொல்லிக்கொடுக்க வந்த ஜெஸி

தொழிலைப் பெருக்கத் துணிச்சல் சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா வரப்போகிறார் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பல் பிடுங்குகிற ஆளுக்கு இல்லாத துணிச்சலா? கள்ளக்குறிச்சியில் இந்த கிளினிக் திறந்த நாளிலிருந்து டாக்டர் சிவசங்கர் பக்கத்தில் நின்று, நோயாளி வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பவள் நான், செந்தமிழ்ச்செல்வி. எப்பேர்ப்பட்ட ஆள் நாற்காலியில் கிடந்து அலறினாலும் டாக்டர் கை நடுங்கிப் பார்த்ததில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே எதையும் சொல்லத்தான் அவருக்கு வாய் வராது.

வந்தவர் பெயர் ஜெஸி. சின்னசேலத்துக்காரர். அப்பா பிலிப்பு ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஜெஸி சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மேனேஜராக இருந்தார். அங்கே முதலாளியின் தம்பி செய்த தில்லுமுல்லை, முதலாளி கேட்க வேண்டிய இடத்தில், இவரே போய் அந்தத் தம்பியிடம் கேட்டுவிட்டார். மறுநாள் இவருக்கு வேலை இல்லை. தம்பி அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம்தான் சொந்தமாகத் தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர்களுக்கெல்லாம் கோச் ஆனார். கிரிக்கெட் கோச் மாதிரியா என்று கேட்டேன்.

"அப்டித்தாங்க்கா. ஆனா மட்டைய நான் தொட மாட்டேன். அவங்கதான் ஆடணும்," என்றார்.

போர்டுக்கு லைட் போடச் சொல்வார், செல்போனில் வீடியோ எடுத்துப் போடச் சொல்வார் என்றுதான் டாக்டர் எதிர்பார்த்தார். ஜெஸி அதெல்லாம் கேட்கவேயில்லை. முதல் நாள் காலையில் வந்து நோயாளிகளோடு நோயாளியாக ஹாலில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை அசையவில்லை.

அவர் அன்றைக்குப் பார்த்ததை நாங்கள் தினம் தினம் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசல் மேசையில் டோக்கன் கொடுப்பவர் டாக்டரின் அப்பா தெய்வசிகாமணி, எங்களுக்கெல்லாம் பெரியவர். களமருதூரில் நிலத்தை விற்றுப் பையனைப் படிக்க வைத்தவர். சம்சாரம் இறந்த பிறகு கிளினிக்கே அவருக்கு வீடாகிவிட்டது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் ஊர்ப்பக்கமான உளுந்தூர்பேட்டை ஆள் யார் உள்ளே நுழைந்தாலும், "எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்பார். பதிலில் தெரிந்த பெயர் ஒன்று வந்துவிட்டால் போதும், டோக்கனாவது மண்ணாவது, நேரே உள்ளேதான். வெள்ளிமலையிலிருந்து விடிவதற்கு முன்னே கிளம்பி வந்தவர்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். "மலைக்காரங்க பொறுத்துக்குவாங்க, அவங்களுக்கு டீ குடு," என்பார் என்னிடம். டீயைக் குடித்துவிட்டு, மத்தியானம் மலை பஸ் கிளம்பும் நேரம் வந்ததும் பல்லைக் காட்டாமலேயே எழுந்து போய்விடுவார்கள். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. அந்த கிளினிக்கில் எங்கள் எல்லோருக்குமே எப்போதோ மனசு மரத்துப்போயிருந்தது.

சாயங்காலம் ஜெஸி டாக்டர் அறைக்குள் வந்தார். நான் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், எம்பக்கத்துல ஒரு அம்மா உக்காந்துருந்தாங்க. குஞ்சம்மாள்னு பேரு. வெத்தல போயில போடறவங்க. கன்னத்துக்குள்ள புண்ணு, ஆறவே இல்லயாம். எட்டாவது டோக்கன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. உங்க தொழிலுக்கு இன்னா கொறன்னு கேட்டீங்க இல்ல? வெளிய டோக்கன் மேசையில உக்காந்துருக்கு. அத நீங்கதான் எழுப்பணும்."

ஆறாத புண் என்றதும் டாக்டர் முகம் மாறியது. வெற்றிலையும் புகையிலையும் போடுகிற வாய்க்கு அது என்னவாக இருக்கலாம் என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? ஆனாலும், "வேற எதாச்சும் சொல்லுங்க மேடம். அப்பாகிட்ட எப்டிங்க..." என்று இழுத்தார்.

"வேற எதுவும் இல்லங்க," என்றார் ஜெஸி.

அந்த அம்மாவைத் தேட டோக்கனில் ஊர்கூட எழுதவில்லை. அடுத்த தடவை வந்தால் முதலில் உள்ளே அனுப்பு என்று டாக்டர் என்னிடம் சொன்னார். என்னிடம்! அப்பாவிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

குஞ்சம்மாள் மறுபடியும் வந்தார். நான் உள்ளே குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியவரின் ஊர்க்காரர் களமருதூர் பச்சமுத்து குடும்பத்தோடு வந்து இறங்க, பெரியவர் அவர்களை வரிசையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்த நாள் அது. நான் வெளியே வந்து பார்த்தபோது ஃபேனுக்குக் கீழே காலி டீ கிளாஸ்தான் இருந்தது. இங்கே யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்டேன். "கன்னத்துல வீங்கிகினு ஒரு அம்மா இருந்துச்சே, அதுவா? வலி இல்லன்னு சொல்லிச்சும்மா, போயிடுச்சு," என்றார் பெரியவர்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சாமான் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, சொன்னால் நம்புங்கள்.

ஜெஸி அடுத்த மாதம் வந்தபோது வாசலிலேயே அவரை மடக்கினேன்.

"மேடம், அவரு சொல்ல மாட்டாரு. இந்த ஜென்மத்துல நடக்காது. நீங்களே பெரியவர்கிட்ட சொல்லிடுங்களேன். வெளியாளு சொன்னா கேப்பாரு."

"நான் சொன்னா அது என் துணிச்சல்க்கா. நான் போனதும் அதுவும் எங்கூட போயிடும். சேலத்துல பட்டுட்டேன். கட முதலாளிதான் சொல்லணும்."

"அதுக்குள்ள அந்த அம்மா?"

ஜெஸி பையைத் தூக்கிக்கொண்டார். உள்ளே போய் டாக்டரிடம் ஒரு மணி நேரம் பேசினார். என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்ல வைத்து சொல்ல வைத்துப் பழக்கினார். "அப்பா, நாளையிலேருந்து டோக்கன் படி அனுப்பலாம்ப்பா." கதவுக்கு வெளியே எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. நாளையும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. பெரியவர் ஊர்ப் பெயர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

மூன்றாவது முறை குஞ்சம்மாளை மகள் கூட்டிவந்தாள். அன்று ஜெஸியும் ஹாலில் இருந்தார். குஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடியிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து நேரே உள்ளே கூட்டிப்போனேன். "இரும்மா, இன்னும் நாலு பேரு..." என்று பின்னால் பெரியவர் குரல் கேட்டது.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். விளக்கை அணைத்தார். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்று மகளிடம் எடுத்துச் சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்தார். எல்லாம் பதற்றமே இல்லாமல் நடந்தது. "முன்னாடியே ரெண்டு தடவ வந்தனே சாமி," என்று குஞ்சம்மாள் குழறிக் குழறிச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா தகவல் சொல்வதுபோல் சொன்னார்.

டாக்டர் கையுறையைக் கழற்றாமலேயே ஹாலுக்கு வந்தார். பழகிய வார்த்தை ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை.

"அப்பா, எழுந்துருங்க."

ஐயோ, இத்தனை பேருக்கு முன்னால் பெரிய ரகளையாகப் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெரியவர் எழுந்தார். அவ்வளவுதான். மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்று, "இன்னாடா, இன்னா ஆச்சு?" என்றார்.

"அந்த அம்மாவுக்கு புத்துநோய்ப்பா. ரெண்டு தடவ இங்க வந்து, பாக்காமயே திரும்பிப் போயிருக்காங்க. மொத தடவயே பாத்துருந்தா சின்னதா போயிருக்கும்."

பெரியவர் குஞ்சம்மாளைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார்.

"ஊர்க்காரன காக்க வெச்சா உனக்குக் கெட்ட பேரு வரும்னுதாண்டா முன்னாடி வுட்டேன். உனக்கு அதான் வேணும்னு நெனச்சேன். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு வூட்டுக்குப் போயிருப்பேனே. இதுக்குப் போயா இவ்ளோ நாளு?"

பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். ஜெஸி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"நீயும் மாசா மாசம் வந்துகினு இருந்தியேம்மா. நீ இன்னா வேலையா வந்த?"

ஜெஸி எழுந்து நின்றார்.

"அந்த ஒரு வார்த்தய சொல்றதுக்குதாங்க," என்றார்.